நூலகத்தில் விளையாட்டு: நூலகராகப் போகிறவர்களுக்கு ஒரு தொடக்கப் பாடம்

"நூலகவியல் படிக்கும் மாணவர்களுக்கு விளையாட்டுகளைப் பற்றியும் பாடம் வைக்க வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள். மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் உடனே வரும் பதில், "படிக்க வேண்டிய இடத்தில் என்ன ஆட்டம்?" என்பதுதான். கொஞ்சம் தாராள மனம் உள்ளவர்கள், "நல்லதுதான், நாலு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டால் பையன்கள் தன்னாலே வருவார்கள்" என்பார்கள். ஆசிரியர்களைக் கேட்டால், "முதலில் ஆட்டத்தைக் காட்டி உள்ளே கொண்டுவரலாம், அப்புறம் புத்தகத்தைக் கையில் கொடுக்கலாம்" என்பார்கள். எல்லாமே அக்கறையில் வரும் பேச்சுதான். ஆனால் ஒருவருக்கு ஆட்டம் எதிரி, இன்னொருவருக்கு அது மெஷின், மற்றவருக்குத் தூண்டில் புழு. ஆட்டத்தை ஆட்டமாகப் பார்க்க யாரும் பழகவில்லை.

நூலகருக்குச் சொல்லித்தர வேண்டியது அந்தப் பார்வையைத்தான். ஒரு புத்தகம் கைக்கு வந்ததும் இது யாருக்கு உதவும், எந்த அலமாரிக்குப் போக வேண்டும், விவரம் எப்படி எழுதுவது என்றெல்லாம் நூலகர் யோசிக்கிறார் அல்லவா? ஓர் ஆட்டப் பெட்டியைத் திறந்தாலும் அவரால் அதே போல யோசிக்க முடிய வேண்டும். நூலகவியல் படிக்கப் போகும் பிள்ளைகளுக்காகவும், தமிழ்ப்பள்ளியில் திடீரென்று நூலகப் பொறுப்பு தலையில் விழுந்த ஆசிரியர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

## நூலகர் நன்றாக ஆடத் தெரிந்தவராக இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு, அங்கே மருந்து கொடுத்த டிரசரை நினைவிருக்கும். தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்திலிருந்து யார் காய்ச்சல் என்று போனாலும் அவர் முதலில் இரண்டு மூன்று கேள்வி கேட்பார். எத்தனை நாளாக, சாப்பாடு இறங்குகிறதா, முன்பு எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. பிறகுதான் அலமாரிப் பக்கம் திரும்புவார். அங்கிருக்கும் எல்லா மருந்தையும் அவர் குடித்துப் பார்த்ததில்லை. எது என்ன செய்யும், யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்பது அவருக்குத் தெரியும். அதுதான் அவருடைய தொழில்.

நூலகத்தில் இதே வேலைக்கு வாசகர் ஆலோசனை என்று பெயர். ஒருவருக்கு இதுவரை என்ன பிடித்தது, ஏன் பிடித்தது என்று கேட்டு, அடுத்து எதை எடுக்கலாம் என்று வழிசொல்வது. சமையல் புத்தகத்துக்கும் துப்பறியும் கதைக்கும் நூலகர் இதைத்தான் செய்கிறார், ஆட்டத்துக்கும் இதையேதான் செய்யப் போகிறார். சதுரங்கத்தில் பத்து வயதுப் பிள்ளையிடம் தோற்கும் நூலகர்கூட, அந்தப் பிள்ளைக்கு அடுத்து எந்த ஆட்டத்தைக் கொடுக்கலாம் என்று சரியாகச் சொல்ல முடியும்.

## இது புதிய மோகம் அல்ல

சான்பிரான்சிஸ்கோவில் 1854-இல் தொடங்கிய மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட் நூலகத்தில் சதுரங்கக் கழகம் ஆரம்பக் காலத்திலிருந்தே இருக்கிறது, இன்றும் நடக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் 1935-லேயே பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் இரவல் கொடுத்தார்கள். அமெரிக்க நூலகச் சங்கம் 2008-இல் நவம்பர் மாதத்தில் ஒரு நாளை நூலகங்களில் ஆடுவதற்கென்றே ஒதுக்கியது, பிற்பாடு மற்ற நாட்டு நூலகங்களும் சேர்ந்துகொண்டன. 2009 ஜூனில், சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் கற்பித்த ஸ்காட் நிக்கல்சன், நூலகங்களில் விளையாட்டு என்பதையே தனிப் பாடமாக்கி அந்த மாதம் முழுக்கக் காணொளிகளாக யூடியூப்பில் போட்டார். யாரும் காசில்லாமல் பார்க்கலாம்.

எனக்கு இவற்றை எல்லாம் விட முக்கியமாகப் படுவது நம்மவர் ஒருவரின் கதை. நூலகவியல் மாணவர்கள் முதல் வாரத்திலேயே படிக்கும் பெயர் எஸ். ஆர். ரங்கநாதன். 1892-இல் சீர்காழியில் பிறந்தவர். கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, பயிற்சிக்காக லண்டன் போனார். அங்கே செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். துளை போட்ட தகடுகள், திருகாணிகள், நட்டுகள். அதே துண்டுகளை ஒரு விதமாகப் பூட்டினால் கிரேன், வேறு விதமாகப் பூட்டினால் வண்டி. புத்தகங்களின் பொருளையும் இப்படிச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, வேண்டியபடி சேர்த்து எண் கொடுக்கலாமே என்ற எண்ணம் அவருக்கு அங்கே வந்தது. 1933-இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்பு முறைக்கு வித்து அதுதான். உலகம் மதிக்கும் நூலகக் கண்டுபிடிப்பு ஒன்று பிள்ளைகள் விளையாடும் பொருளை ஒரு பெரியவர் உன்னிப்பாகப் பார்த்ததில் பிறந்திருக்கிறது. ஆட்டத்துக்கும் நூலகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அவர் 1931-இல் எழுதிய ஐந்து விதிகளில் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் உண்டு. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு. நூல் என்ற இடத்தில் ஆட்டம் என்று வைத்துப் பாருங்கள். வேலை அப்படியே பொருந்தும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: நூலகரின் வேலை ஆடி ஜெயிப்பது அல்ல, ஆளையும் ஆட்டத்தையும் பொருத்துவது. பொருத்த வேண்டுமானால் ஆட்டத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். இனி அதைப் பார்ப்போம்.

## ஒரே மாதிரிப் பலகை, இரண்டு ஆட்டம்

பல்லாங்குழி நமக்குத் தெரியும். மலாய்க்காரர்களின் சொங்காக்கும் தெரியும். பார்வைக்கு இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருக்கும். இரண்டிலும் பக்கத்துக்கு ஏழு குழி இருப்பதுதான் வழக்கம், இரண்டிலும் காய்களை அள்ளிக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். சொங்காக்கில் மட்டும் இரு முனையிலும் ஒவ்வொரு பெரிய குழி கூடுதலாக இருக்கும். அதை வீடு என்பார்கள்.

அந்த ஒரு வீடு ஆட்டத்தையே மாற்றிவிடுகிறது. சொங்காக்கில் குழிக்கு ஏழு காய் வீதம் 98 காய்களோடு தொடங்குகிறோம். போட்டுக்கொண்டே வரும்போது நம் வீட்டிலும் ஒன்று போடலாம், எதிராளியின் வீட்டைத் தாண்டிவிட வேண்டும். கடைசிக் காய் சரியாக நம் வீட்டில் விழுந்தால் மறுபடியும் நாமே ஆடலாம். காய் இருக்கும் குழியில் விழுந்தால் அதை அள்ளிக்கொண்டு தொடரலாம். நம் பக்கத்து வெற்றுக் குழியில் விழுந்தால் எதிர்க்குழிக் காய்கள் நமக்கு. எதிராளியின் பக்கத்து வெற்றுக் குழியில் விழுந்தால் ஆட்டம் கைமாறும்.

பல்லாங்குழியில் அந்த வீடு இல்லை. விதிகள் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். பரவலான முறையில், கையில் உள்ளது தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளி ஆடுகிறோம். அடுத்த குழி காலி என்றால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கு அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்கிறோம். நடுவே எந்தக் குழியிலாவது நான்கு காய் சேர்ந்தால் அது பசு. அந்தக் குழிக்கு உரியவர் உடனே எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது ஆடும் இரண்டு பிள்ளைகளின் கண்ணைக் கவனியுங்கள். சொங்காக் ஆடும் பிள்ளை அள்ளுவதற்கு முன்னால் விரலால் குழிகளை எண்ணும். "இங்கிருந்து எடுத்தால் வீட்டில் முடியுமா?" என்று உதட்டுக்குள் கணக்கு ஓடும். நன்றாக ஆடுகிறவர் வீடு, மறுபடி வீடு என்று தொடர்ந்து போய்க்கொண்டே இருப்பார், எதிரில் இருப்பவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். பல்லாங்குழி ஆடும் பிள்ளையின் கண் பலகை முழுக்க அலையும். மூன்று காய் இருக்கும் குழி எது என்று தேடும், யார் ஆட்டமானாலும் பசு விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். எதிராளி ஆடும்போதும் நமக்கு வேலை உண்டு.

இங்கே மூன்று சொற்களைப் பழகிக்கொள்வோம். ஆட்டத்தில் என்ன செய்யலாம், செய்தால் என்ன நடக்கும் என்று சொல்வது இயக்கவிதி. வீட்டில் முடிந்தால் மறு ஆட்டம் என்பது ஓர் இயக்கவிதி, நான்கு சேர்ந்தால் பசு என்பது இன்னொன்று. அந்த விதிகளால் ஆடுகிறவர்களிடம் தோன்றும் நடத்தை போக்கு. முன்கூட்டி எண்ணுவதும், மூன்று காய்க் குழியை வேவு பார்ப்பதும் போக்கு. எந்த விதியும் "எண்ணு" என்று கட்டளை போடவில்லை, பிள்ளையே எண்ணத் தொடங்குகிறது. அந்தப் போக்கால் மனத்தில் எழுவது அனுபவம். தொடர்ந்து ஆடும் களிப்பு, காத்திருக்கும் பதற்றம், பசுவைத் தவறவிட்ட ஆதங்கம். 2004-இல் ஹுனிக்கி, லெப்லாங்க், சூபெக் ஆகிய மூவரும் முன்வைத்த இந்தச் சட்டகம்தான் இன்றும் ஆட்ட வடிவமைப்பு வகுப்புகளில் முதல் பாடம்.

நூலகருக்கு இதில் என்ன பயன்? ஆட்டத்தை உருவாக்குகிறவர் விதியிலிருந்து தொடங்குகிறார். ஆடுகிறவர் அனுபவத்திலிருந்து தொடங்குகிறார். நூலக மேசைக்கு வரும் பிள்ளை, "முன்கூட்டி எண்ணும் இயக்கவிதி உள்ள ஆட்டம் இருக்கிறதா?" என்று கேட்காது. "அன்னைக்கு ஆடினோமே, அது மாதிரி ஜாலியா இன்னொன்னு வேணும்" என்றுதான் கேட்கும். அந்த ஜாலி எந்தப் போக்கிலிருந்து வந்தது, அந்தப் போக்கு எந்த விதியிலிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போகத் தெரிந்தவர்தான் சரியான பெட்டியை எடுத்துக் கொடுக்க முடியும்.

## தாயம், பரமபதம், சூது

நம் பெற்றோர்களின் பயம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. சீட்டுக்கட்டையோ பகடையையோ நூலகத்தில் பார்த்தால் முகம் மாறிவிடும். அதில் நியாயம் இருக்கிறது. திருக்குறளில் சூதுக்கென்றே 94-ஆம் அதிகாரம் இருக்கிறது, சகுனியின் பகடையைக் கேட்டு வளராத தமிழ்ப் பிள்ளை இல்லை. தோட்டத்தில் சம்பள நாள் இரவில் சீட்டாட்டத்தில் கரைந்த பணத்தின் கதை பல வீடுகளில் இன்னும் பேசப்படுகிறது. நூலகர் இந்தப் பயத்தைத் தள்ளிவிடக் கூடாது, விளக்க வேண்டும்.

சூதாட்டம் என்றால் மூன்று சேர்ந்திருக்க வேண்டும். பணமோ பணத்துக்கு ஈடான பொருளோ பந்தயமாக வைப்பது, முடிவை முழுக்கவோ பெரும்பகுதியோ அதிர்ஷ்டத்திடம் விடுவது, ஜெயித்தால் கூடுதலாகக் கிடைப்பது. பந்தயம் இல்லாத பகடை சூது ஆகாது. பரமபதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடும் ஆட்டம். அதில் முழுக்க முழுக்க அதிர்ஷ்டம்தான், ஆடுகிறவர் முடிவெடுக்க ஒன்றுமே இல்லை. அதனால் அது மட்டமான ஆட்டம் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நாலு வயதுப் பேத்தி தாத்தாவை நிஜமாகவே தோற்கடிக்கக்கூடிய ஆட்டம் எத்தனை இருக்கிறது? தாத்தா விட்டுக்கொடுக்கவும் வேண்டியதில்லை. வயது, படிப்பு, மொழி எல்லாம் கலந்து உட்காரும் மேசைக்கு அதிர்ஷ்டம் கொஞ்சம் தேவை. சதுரங்கத்தில் அதிர்ஷ்டமே இல்லை, அதனால்தான் கற்றுக்குட்டியும் தேர்ந்தவரும் ஆடினால் இருவருக்குமே சலிப்பு வருகிறது.

அதே சமயம், உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் வேறெங்கோ இருக்கிறது. கைப்பேசி ஆட்டங்கள் சிலவற்றில் காசு கொடுத்து ஒரு பெட்டியைத் திறக்கலாம், உள்ளே என்ன வரும் என்று திறக்கும் வரை தெரியாது. இதை லூட் பாக்ஸ் என்பார்கள். பகடை கண்ணில் படாது, ஆனால் காசும் அதிர்ஷ்டமும் அங்கே இருக்கின்றன. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இல், சில ஆட்டங்களில் இருந்த இப்படிப்பட்ட பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று முடிவு செய்தது. மேசையில் கிடக்கும் தாயக்கட்டையைப் பார்த்துப் பதறும் ஓர் அம்மாவிடம், வீட்டில் பிள்ளையின் கையில் இருப்பதைப் பற்றிப் பக்குவமாக எடுத்துச் சொல்ல நூலகரால் முடிய வேண்டும். இந்தப் பாடத்தின் மிகப் பயனுள்ள பகுதி இதுதான் என்பது என் கருத்து.

கேமிங் அடிமைத்தனம் பற்றியும் கேட்பார்கள். உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பில் இதைச் சேர்த்திருக்கிறது, 2022 முதல் அது நடப்பில் இருக்கிறது. அதிகம் ஆடுவதையே நோய் என்று அது சொல்லவில்லை. கட்டுப்பாடு கைவிட்டுப் போவது, மற்ற வேலைகளையும் ஆசைகளையும் விட ஆட்டமே முதலாவது, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்வது, அதனால் குடும்பமும் படிப்பும் பெரிதாகப் பாதிக்கப்படுவது, இது பொதுவாகப் பன்னிரண்டு மாதமாவது நீடிப்பது. இதைக் கண்டறிவது மருத்துவரின் வேலை. நூலகர் அந்த வரையறையைத் தெரிந்து வைத்திருந்தால், விடுமுறையில் நாள் முழுக்க ஆடும் பையனை எல்லாரும் சேர்ந்து நோயாளியாக்கும்போது ஒரு வார்த்தை சொல்லலாம். உண்மையிலேயே சிக்கலில் இருக்கும் பிள்ளையை மருத்துவரிடம் அனுப்பவும் செய்யலாம்.

நினைவில் வைக்க வேண்டியது: பகடை வேறு, பந்தயம் வேறு. அதிர்ஷ்டம் எவ்வளவு, திறமை எவ்வளவு என்பது ஆட்டத்தின் தரத்தைச் சொல்வதில்லை, அது யாருக்குப் பொருந்தும் என்பதைச் சொல்கிறது.

## புத்தகத்துக்குப் புள்ளி கொடுப்பது ஆட்டமா?

இல்லை, இதை அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள். நம் பள்ளிகளில் நீலாம் என்ற வாசிப்புத் திட்டம் இருக்கிறது. பிள்ளைகள் படித்ததைப் பதிவு செய்கிறார்கள், அதற்கு அங்கீகாரம் கிடைக்கிறது. ஆட்டமல்லாத ஒரு வேலைக்குப் புள்ளி, படிநிலை, பதக்கம் போன்ற ஆட்டத்தின் வெளிப்புறச் சங்கதிகளைச் சேர்ப்பதை விளையாட்டாக்கம் என்பார்கள். அதற்கும் பயன் உண்டு. ஆனால் அங்கே பிள்ளை ஆடவில்லை, படிக்கிறது. நூலகத்தில் ஆட்டம் என்பது பிள்ளை உண்மையிலேயே ஆடுவது. புள்ளிப் பட்டியல் ஒன்றைச் சுவரில் ஒட்டிவிட்டு "நாங்களும் விளையாட்டைக் கொண்டுவந்துவிட்டோம்" என்று சொல்வது சரியல்ல.

## கைப்பேசியோடு வரும் தம்பி

எங்கள் ஊர்ப் பையன்களில் பலர் ஆடுவது மொபைல் லெஜண்ட்ஸ். அணிக்கு ஐந்து பேர், இரண்டு அணி மோதும். அதன் முதல் உலகப் போட்டி 2019-இல் கோலாலம்பூரில்தான் நடந்தது. அதே ஆண்டு பிலிப்பைன்ஸில் நடந்த தென்கிழக்காசிய (சீ) விளையாட்டுப் போட்டியில் இ-ஸ்போர்ட்ஸ், அதாவது மின்னணு ஆட்டம், பதக்கத்துக்குரிய போட்டியானது. இப்படிப்பட்ட பையன் ஒருவன் நூலகத்துக்கு வந்து வைஃபை இருக்கும் மூலையில் உட்கார்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சிக்கு வந்த மாணவி அவனிடம் போய்ப் பேசினால் இப்படி இருக்கலாம்.

"என்ன தம்பி ஆடுற?"

"எம்.எல். தான்க்கா."

"அதுல நீ என்ன ரோல்?"

"டேங்க். நான் முன்னாடி போய் அடி வாங்குவேன், மத்தவங்க பின்னாடி இருந்து அடிப்பாங்க."

"அடி வாங்குறது போரடிக்காதா?"

"இல்லக்கா. நான் கரெக்டா நின்னாதான் டீம் ஜெயிக்கும்."

இந்தச் சில வரியில் வேண்டிய எல்லாம் கிடைத்துவிட்டது. சண்டை போடுவதைவிட அணிக்காகப் பொறுப்பெடுப்பதுதான் இவனுக்குப் பிடித்திருக்கிறது. இவனுக்குக் கூட்டுறவு ஆட்டம் பொருந்தலாம். அதாவது, ஆடுகிறவர்கள் எல்லாரும் ஒரே பக்கம், எதிரில் இருப்பது ஆட்டமே. ஜெயித்தால் எல்லாரும் ஜெயிப்பார்கள், தோற்றாலும் அப்படித்தான். 2008-இல் வந்த பேண்டமிக் என்ற பலகை ஆட்டம் இதற்கு நல்ல உதாரணம். இரண்டு முதல் நான்கு பேர் வரை சேர்ந்து உலகில் பரவும் நோய்களைத் தடுக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் ஒரு தனிப் பொறுப்பு. இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு அவனை அந்த மேசையில் உட்கார வைக்கலாம். அவனைப் போலவே அணிக்காக நின்று காக்கும் கோல்கீப்பர்களைப் பற்றிய ஒரு புத்தகத்தையும் காட்டலாம். எடுத்தால் எடுக்கட்டும், எடுக்காவிட்டால் போகட்டும். அவன் புத்தகம் எடுப்பதை வைத்து அன்றைய ஆட்டத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள். சதுரங்கப் புத்தகம் வாங்கி வைக்கிறோம், அதைப் படித்தவர் அப்புறம் நாவல் படித்தாரா என்று யாரும் சோதிப்பதில்லை.

ஸ்காட் நிக்கல்சன் தன் பாடத்தில் ஆட்ட அனுபவங்களை ஐந்தாகப் பிரிக்கிறார்: சேர்ந்து பழகுவது, கதை, உடல் வேகம், அறிவு, உத்தி. மேலே கேட்ட மாதிரி இரண்டு கேள்வி கேட்டால், எதிரில் இருப்பவர் இந்த ஐந்தில் எதைத் தேடுகிறார் என்று ஓரளவு பிடிபட்டுவிடும். ஒரே ஆட்டத்தில் இரண்டு மூன்று கலந்திருக்கும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

## அட்டவணையில் என்ன எழுதுவது?

நூலகங்களில் புத்தகங்களுக்கு எண் கொடுக்கும் டூயி தசமப் பகுப்பில் ஆட்டங்களுக்கு எப்போதோ இடம் கொடுத்துவிட்டார்கள். 794 திறமை சார்ந்த உள்ளரங்க ஆட்டங்கள், அதில் சதுரங்கம் 794.1, மின்னணு ஆட்டங்கள் 794.8. அதிர்ஷ்ட ஆட்டங்கள் 795, திடல் விளையாட்டுகள் 796. ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்து ஆட்டம் தேடுகிறவருக்கு உதவ முடியாது. "நாங்க அஞ்சு பேர் இருக்கோம், முக்கால் மணி நேரத்தில பஸ் வந்துடும்" என்று சொல்லும் கூட்டத்துக்கு 794 என்ன செய்யும்?

இங்கே ரங்கநாதன் கைகொடுக்கிறார். ஒரு பொருளை ஒரே எண்ணுக்குள் அடைக்காமல் அதன் பல பக்கங்களையும் தனித்தனியே குறிப்பது அவருடைய முறை. அந்தப் பக்கங்களை முகங்கள் என்பார்கள். ஆட்டத்துக்கு நான் குறிக்கச் சொல்லும் முகங்கள்: எத்தனை பேர், எவ்வளவு நேரம், எதிர்த்து ஆடுவதா சேர்ந்து ஆடுவதா, அதிர்ஷ்டம் எவ்வளவு, மொழிச் சுமை எவ்வளவு. வயதுக் குறிப்பு பெட்டியிலேயே இருக்கும். கணினி ஆட்டமானால் ஐரோப்பாவின் பெகி, வட அமெரிக்காவின் இ.எஸ்.ஆர்.பி. தரச் சின்னங்களைப் பார்க்கலாம்.

மொழிச் சுமை என்றால், ஆடுவதற்கு எவ்வளவு படிக்க வேண்டும், எந்த மொழியில் என்பது. எழுத்துகளைச் சேர்த்துச் சொல் அமைக்கும் சாஹிபா ஆட மலாய்ச் சொல்வளம் வேண்டும். பேண்டமிக்கின் அட்டைகளில் ஆங்கிலம் வாசிக்க வேண்டும். கேரமுக்கும் சொங்காக்குக்கும் எந்த மொழியும் வேண்டாம். தோட்டப்புற ஊரில் இந்த முகம் ரொம்ப முக்கியம். தமிழ்ப்பள்ளிப் பிள்ளையும், சீனப்பள்ளிப் பிள்ளையும், தேசியப்பள்ளிப் பிள்ளையும் ஒரே தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருந்தாலும் சேர்ந்து உட்காரும் இடம் குறைவு. முன்பு தோட்டத்துத் திடல் இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, கித்தா (ரப்பர்) மரம் போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் அடுக்குமாடிக்கு மாறியபின் பல பிள்ளைகளுக்கு அந்தத் திடலும் இல்லை. மொழி கேட்காத ஆட்டம் இருக்கும் நூலக மேசை அவர்களுக்குக் கிடைத்தால் அது சின்ன விஷயம் அல்ல.

அப்புறம் எண்ணிக்கை. புத்தகத்தில் ஒரு பக்கம் கிழிந்தாலும் மிச்சத்தைப் படிக்கலாம். சொங்காக்கில் நாலு காய் தொலைந்தால் கணக்கே மாறிவிடும். ஆகவே மூடியின் உள்பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும்: சொங்காக், காய் 98. சதுரங்கம், காய் 32. கேரம், காய் 19, ஸ்ட்ரைக்கர் 1. திருப்பிக் கொடுக்கும்போது வாங்குகிறவரும் கொடுக்கிறவரும் சேர்ந்து எண்ண வேண்டும். சொங்காக் காய் குறைந்தால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி புளியங்கொட்டையாகவோ ரப்பர்க் கொட்டையாகவோ மாற்றிவிடலாம். சாஹிபாவில் ஓர் எழுத்து தொலைந்தால் அப்படிச் சமாளிக்க முடியாது.

பதிவிறக்கம் செய்யும் கணினி ஆட்டங்களைப் பற்றி ஒன்று மட்டும்: அவை பெரும்பாலும் ஒரு கணக்கோடு கட்டப்பட்ட உரிமம், பொருள் அல்ல. வட்டையோ கார்ட்ரிட்ஜையோ இரவல் கொடுப்பது போல அதைக் கொடுக்க முடியாது. வாங்குவதற்கு முன்பே உரிம விதியைப் படித்துவிட வேண்டும்.

## விதி சொல்லித் தருவது ஒரு திறமை

ஆட்ட நாள் ஏற்பாடு செய்யும் மாணவர்கள் பலரும் விதிப் புத்தகத்தை முதல் வரியிலிருந்து உரக்க வாசிக்கத் தொடங்குவார்கள். இரண்டாம் பக்கத்திலேயே பிள்ளைகள் சன்னல் பக்கம் திரும்பிவிடுவார்கள். எப்படி ஜெயிப்பது என்பதை முதலில் சொல்லுங்கள். அடுத்து, உன் முறை வந்தால் என்ன செய்யலாம். அதற்கப்புறம், ஆட்டம் எப்போது முடியும். இவ்வளவு போதும், ஆடத் தொடங்கலாம். மற்ற விதிகளை அவை தேவைப்படும் நேரத்தில் சொல்லிக்கொள்ளலாம். சொங்காக்கில் வீட்டில் முடிந்தால் மறு ஆட்டம் என்பதை, ஒரு பிள்ளைக்கு அது முதல் தடவை நடக்கும்போது சொன்னால் அந்தப் பிள்ளை மறக்கவே மறக்காது.

இன்னொன்று, வீட்டு விதிகள். நம் பாட்டி ஆடிய பல்லாங்குழி வேறு, பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் ஆடிய சொங்காக் வேறு. "எங்க வீட்ல இப்படி இல்ல" என்று ஒரு பிள்ளை சொன்னால் புத்தகத்தைக் காட்டி வாயை அடைக்காதீர்கள். அதை எழுதி வையுங்கள். யார் வீட்டில், எந்தத் தோட்டத்தில், எப்படி ஆடினார்கள் என்ற குறிப்பு அந்த ஊர் நூலகத்தில் இருக்க வேண்டிய பதிவு. அதை வேறு எந்த நூலகமும் சேர்த்து வைக்கப் போவதில்லை.

சத்தத்தைப் பற்றியும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். கேரம் ஸ்ட்ரைக்கர் பலகை ஓரத்தில் மோதும் சத்தம் பரீட்சைக்குப் படிக்கிறவருக்கு இடைஞ்சல்தான். எஸ்.பி.எம். பரீட்சை நெருங்கும் மாதங்களில் கேரமை நிறுத்திவிட்டு மேசை ஆட்டங்களை மட்டும் வைக்கலாம், அல்லது ஆட்ட நேரத்தைச் சனிக்கிழமைக் காலைக்கு மாற்றலாம்.

## பயிற்சி மாணவருக்கு முதல் வேலை

நான் கொடுக்கும் வேலை இதுதான். கணினி வேண்டாம், பணம் வேண்டாம். வீட்டில் இருக்கும் ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாங்கல்லும், அதைப் போன்ற மலாய் ஆட்டமான பாத்து செரம்பானும் இருந்தால் இன்னும் நல்லது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதை ஆடத் தெரியாத ஒருவருக்குச் சொல்லிக்கொடுங்கள். பிறகு நீங்கள் ஆடாமல், இரண்டு பேர் ஆடுவதை முழு ஆட்டமும் உட்கார்ந்து பாருங்கள். எந்த இடத்தில் சிரித்தார்கள், எந்த இடத்தில் மௌனமானார்கள், எந்த விதியில் சண்டை வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதற்குக் காரணமான இயக்கவிதியை எழுதுங்கள். கடைசியாக, முகங்களை நிரப்பி ஓர் அட்டவணைச் சீட்டு தயார் செய்யுங்கள்.

ஆட்ட நாள் முடிந்தபின் எழுதும் அறிக்கையிலும் இதே ஒழுங்கைப் பின்பற்றுங்கள். வந்தவர் எண்ணிக்கையை எழுதிவிட்டு நிறுத்தாமல், யார் யாரோடு உட்கார்ந்தார்கள், எந்தப் பெட்டி திறக்கப்படவே இல்லை, விதியை யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், அடுத்த தடவை எந்த ஆட்டத்தைக் கேட்டார்கள் என்பதையும் எழுதுங்கள். திறக்கப்படாத பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்துவிடும் முன், அதை ஒரு தடவை நீங்களே மேசையில் விரித்து வைத்து யாரையாவது ஆடக் கூப்பிட்டுப் பாருங்கள்.